ஐந்தாம் தட்டின் இரண்டாம் பக்கம்

ஊதுபாறைக்கு அந்தப் பெட்டி வந்து சேர்ந்தது ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை, காலைச் சங்கு ஊதி, எல்லோரும் ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குள் போய், காலனித் தெருக்களில் நாய்களும் எங்களைப் போன்ற பென்ஷன்காரர்களும் மட்டும் மிச்சமிருந்த நேரத்தில். மூன்றரைக் கிலோ எடை, கறுப்பு அட்டை, உள்ளே பத்து இசைத்தட்டுகள், கூடவே கல்யாண ஆல்பம் கனத்துக்கு ஒரு புத்தகம். அட்டைமேல் ஒரு மெலிந்த வாலிபன் காலை அகட்டி, நெற்றியில் முடி சரிய, கிட்டாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவர்தான் எங்கள் மேக்ஸ்வெல். தமிழில் ராக் அண்ட் ரோல் பாடிய முதல் ஆள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு முதல் எண்பத்தொன்று வரை பாடிய அத்தனையும் இதில் இருக்கிறது என்று கீழே அச்சடித்திருந்தது.

மேக்ஸ்வெல் ஒர்க்‌ஷாப்பில் சக்கரப் பகுதியில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். பெட்டி வந்தபோது வயது எண்பத்து மூன்று. அந்த வயதிலும் முடிக்கு மை அடித்து, எண்ணெய் தடவி, முன்பக்கம் உயர்த்தி வாரிக்கொண்டு, அகலமான பெல்ட் கட்டிக்கொண்டுதான் ரேஷன் கடைக்கே போவார். எண்பத்தொன்றுக்குப் பிறகு யாரும் அவரைப் பாடக் கூப்பிடவில்லை. எங்களுக்கு வேறு பாட்டுகள் வந்துவிட்டன, டிவி வந்துவிட்டது, அவரைப் பார்த்தால் சிரிப்பு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஹாலந்திலிருந்து ஒருவன் வந்தான், ஏழு நாள் தங்கினான், ரயில்வே இன்ஸ்டிடியூட் என்கிற எங்கள் தொழிலாளர் மன்றத்துப் பீரோவில் எலி கூடு கட்டியிருந்த ஒலிநாடாக்களை எல்லாம் துடைத்து எடுத்துக்கொண்டு போனான். பைத்தியம் என்று நினைத்தோம். அந்தப் பைத்தியம்தான் இப்போது இரண்டு பெட்டிகளை அனுப்பியிருந்தான், ஒன்று பாடகருக்கு, ஒன்று இன்ஸ்டிடியூட்டுக்கு.

ஊரிலேயே ரெக்கார்டு பிளேயர் இருந்தது இன்ஸ்டிடியூட்டில் மட்டும்தான். அதன் செயலாளர் தங்கப்பழம் சனிக்கிழமை மாலை கூட்டம் போட்டார், சால்வை போட்டார், மேக்ஸ்வெல்லை நடுவில் உட்கார வைத்து, இந்த வயதில் உங்களுக்கு ஊர் என்ன செய்யணும் என்று மைக்கை நீட்டினார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றார் மேக்ஸ்வெல். "ஒரு பாட்டு. ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும், நடுவுல எந்திரிக்காம, பேசாம, யாராவது உக்காந்து கேக்கணும். அவ்வளவுதான்."

இதென்ன பிரமாதம் என்று எல்லோரும் கை தட்டினோம். தங்கப்பழம் முதல் தட்டை எடுத்து வைத்து முள்ளை இறக்கினார். கிட்டார் எழுந்தது, டிரம் சேர்ந்தது, இருபத்தொரு வயது மேக்ஸ்வெல் தொண்டையைத் திறந்தார், அந்தத் தொண்டைக்குக் கீழே, தெளிவாக, பக்கத்து வீட்டில் பேசுவது போல, ஒரு பெண்பிள்ளை இன்னொருத்தியிடம் கேட்டாள்: "ஒரு கை புளி இருந்தா குடுக்கா, நாளைக்குத் திருப்பித் தந்துடுறேன்."

இரண்டாம் வரிசையில் இருந்த அமலோற்பவ அக்கா, அவளுக்கு அப்போது தொண்ணூறு வயது, தலையைத் தூக்கி, "அது என்னைத்தான் கேக்குறா" என்றாள். பிறகு திரும்பி, கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆன சுப்புராயலுவைப் பார்த்து, "ஏண்டா, அது உங்கம்மா" என்றாள்.

சுப்புராயலுவுக்கு நாலு வயதாக இருக்கும்போது அம்மா அம்மையில் போய்விட்டாள். ஒரு போட்டோ கூடக் கிடையாது. அறுபத்தாறு வயது ஆள் எழுந்து போய் ஸ்பீக்கருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாட்டு முடிந்ததும், இன்னொரு தடவை போடுங்கண்ணே என்றார். பாட்டு இன்னொரு தடவை ஓடியது. புளி கேட்கிற இடம் வரைக்கும்தான் ஓடியது. பிறகு முள்ளை எடுத்து மறுபடி வைத்தார்கள்.

இப்படித்தான் தொடங்கியது. பத்துத் தட்டிலும் மேக்ஸ்வெல் பாடுகிறார், அவர் பாடிய அந்த மூன்று நிமிஷத்தில், நாலு நிமிஷத்தில், ஊதுபாறையில் யார் எங்கே என்ன பேசினார்களோ அத்தனையும் பாட்டுக்கு அடியில் கேட்கிறது. மேடைக்கு முன்னால் பேசியது கேட்டால் போகட்டும் என்று விடலாம். சென்னைக்குப் போய், பஞ்சு வைத்த கதவுகளைச் சாத்தி, நாலே பேர் இருந்த ஒலிப்பதிவு அறையில் பாடிய பாட்டிலும் எங்கள் ஆறாம் தெருக் குழாயடிச் சண்டைதான் கேட்டது. சிக்னல் பகுதியில் வேலை பார்த்தவர்கள் இது பழைய ஒயரிங் கோளாறு என்றார்கள். ஃபாதர் அறுபத்து நாலில் திருப்பலி நேரத்தில் பதிவான பாட்டு எது என்று மட்டும் விசாரித்தார். ஹாலந்துக்காரனுக்கு எழுதிக் கேட்டதற்கு, அங்கே பாட்டு மட்டும்தான் கேட்கிறது, அற்புதமாகக் கேட்கிறது, பத்திரிகைகள் கொண்டாடுகின்றன என்று பதில் எழுதினான். பாவம், அவர்களுக்குப் பாட்டோடு சரி என்று எங்களுக்கு அவர்கள்மேல் இரக்கமாக இருந்தது.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் எனக்கும் பங்கு உண்டு. என் பெயர் டெய்சிராணி. ஒர்க்‌ஷாப் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருஷம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் யார் குரல் எது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியும். ஆகவே தங்கப்பழம் என்னை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, நீளமான ஒரு நோட்டையும் கொடுத்தார். எந்தத் தட்டு, எந்தப் பக்கம், எந்தப் பாட்டு, எந்த இடத்தில் யார் பேசுகிறார்கள் என்று எழுதி வைக்க வேண்டியது என் வேலை. பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

ஒரு மாதத்தில் ஊர் அதற்கு ஏற்ப வளைந்துகொண்டது. காலையில் டோக்கன், மதியம் பெண்களுக்குத் தனி நேரம், ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு. செத்துப்போன புருஷன் பீடி கேட்பதைக் கேட்க வந்தவர்கள் உண்டு, ஓடிப்போன அண்ணன் ஓடிப்போவதற்கு முந்தின நாள் சிரித்ததைக் கேட்க வந்தவர்கள் உண்டு, சின்ன வயதில் தன்னைத் தாலாட்டிய குரலைக் கேட்டுவிட்டு அங்கேயே நாற்காலியில் சாய்ந்து தூங்கிப்போன தாசில்தார் உண்டு. கல்யாணத் தரகர்கள் வந்து, பெண் வீட்டுப் பாட்டன்மார் கெட்ட வார்த்தை பேசுவார்களா என்று நோட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். எட்டாம் தட்டில், எழுபத்து நாலு ஸ்டிரைக் சமயத்தில் பதிவான ஒரு காதல் பாட்டுக்கு அடியில், யூனியன்காரர்கள் ஒளிந்திருந்த வீட்டு நம்பர்களை ஒருவன் அதிகாரியிடம் அமைதியாக ஒப்பித்துக்கொண்டிருந்தான். அவன் பேரனுக்கு நிச்சயமாகியிருந்த பெண்ணை அந்த வாரமே வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். இதற்கெல்லாம் யாரும் வாயைப் பிளக்கவில்லை. மழை பெய்தால் குடை விரிப்பது போல அவரவர் அவரவர் செய்ய வேண்டியதைச் செய்தார்கள்.

பாட்டுகளுக்குப் பெயர் மாறிப்போயிற்று. மேக்ஸ்வெல் வைத்த பெயர்கள் அட்டையில் அழகாக அச்சாகியிருந்தன, யாரும் அவற்றைச் சொல்லவில்லை. "சுப்புராயலு அம்மா புளி கேட்ட பாட்டைப் போடுங்க." "பெரிய ஃபோர்மன் வீட்டுச் சண்டைப் பாட்டு." "குட்டி போட்ட ஆட்டுப் பாட்டு." பாட்டு சத்தமாக ஏறுகிற இடங்களில் ஜனங்கள் முகத்தைச் சுளித்தார்கள், உஸ் உஸ் என்றார்கள். பாலிடெக்னிக் வாத்தியார் ஒருவர் ஒரு பெட்டியை ஒயரோடு கொண்டுவந்து, பாடகர் குரலைக் கொஞ்சம் அமுக்கினால் பேச்சு இன்னும் சுத்தமாகக் கேட்கும் என்று மூன்று நாள் போராடிப் பார்த்தார். முடியவில்லை. "பாட்டு ரொம்ப இடைஞ்சலா இருக்கு சார்" என்று அவர் தங்கப்பழத்திடம் சொல்லும்போது மேக்ஸ்வெல் பக்கத்திலேயே இருந்தார்.

அவர் தினமும் வந்தார். சட்டையை இன் பண்ணிக்கொண்டு, சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பாட்டாவது முழுசாக ஓடுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். முள் இறங்கும், அவர் விரல் தாளம் போடத் தொடங்கும், பாதியில் முள் எழும், விரல் அந்தரத்தில் நிற்கும். "என்னத்தைக் கேக்குறீங்க நீங்கல்லாம்?" என்று ஒருநாள் என்னிடம் எரிந்து விழுந்தார். "இருபத்து நாலு வருஷம் தொண்டை கிழியப் பாடியிருக்கேன். ஒருத்தி புளி கேட்டாளாம், ஒருத்தன் பீடி கேட்டானாம். இதுக்கா நான் பாடினேன்?" மனுஷனுக்குப் பொறாமை, செத்தவர்கள்மேல் பொறாமை என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

ஐந்தாம் தட்டின் இரண்டாம் பக்கத்துக்கு நாங்கள் வந்தது புரட்டாசியில். அந்தப் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, நாலு தடவை. ஹாலந்துக்காரன் புத்தகத்தில் அதைத்தான் தலையில் தூக்கி வைத்து ஆடியிருந்தான், மேக்ஸ்வெல் பாடியதிலேயே சிகரம் என்று எழுதியிருந்தான். அறுபத்தாறாம் வருஷம் ஆயுத பூஜையன்று மத்தியானம் ஒர்க்‌ஷாப்புக்குள்ளேயே பாடியது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். லேத்துக்கும் கிரேனுக்கும் சந்தனம் பூசி, வாழைமரம் கட்டி, ரெண்டு சரக்கு வண்டிகளைச் சேர்த்து நிறுத்தி மேடையாக்கி, நாலாயிரம் பேர் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம். நிகழ்ச்சி முடிந்து சங்கு ஊதினால்தான் கேட்டைத் திறப்பார்கள். ஊதுபாறை மேடைக்கு ஒரு சட்டம் உண்டு. கூட்டம் ஒன்ஸ் மோர் கேட்டால் பாடித்தான் ஆக வேண்டும். கேட்ட கூட்டத்தை விட்டுவிட்டு இறங்கினவனை அடுத்த வருஷம் மேடையேற்ற மாட்டோம்.

"நில்லாத வண்டி நான், நீலவேணி, சிவப்புக் கொடிய மடிச்சு வச்சுக்க நீ" என்று அந்தப் பாட்டு ஆரம்பிக்கும். அன்றைக்கு முதல் தடவையாகப் பாடினார். நாங்கள் மூன்று தடவை ஒன்ஸ் மோர் கேட்டோம்.

அன்றைக்கு அவர் மனைவி செசிலி நிறைமாதம். பாடகர் வீட்டம்மா என்று முன்னால், பெரிய ஸ்பீக்கர் பெட்டியின் பக்கத்தில், நாற்காலி போட்டு மரியாதையாக உட்கார வைத்திருந்தார்கள். நாலாவது தடவை பாடி முடித்து, சங்கு ஊதி, கூட்டம் கலைந்தபோதுதான் அவள் நாற்காலிக்குக் கீழே ரத்தத்தைப் பார்த்தோம். சாமான் தள்ளுகிற டிராலியில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு ஓடினோம். பெண் குழந்தை. மூச்சில்லாமல்தான் வந்தது. அதற்குப் பிறகு அவர்களுக்குக் குழந்தை இல்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மேடையிலிருந்து குதிச்சு வந்திருப்பேன்" என்று மேக்ஸ்வெல் ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழுகை உண்மைதான். உள்ளே கட்டிலில் கிடந்த செசிலி, "நான் கூப்பிட்டேன்" என்றாள். "கூப்பிட்டிருந்தா எனக்குக் கேட்டிருக்கும்" என்றார் அவர். "நாலாயிரம் பேர் கத்துறப்ப ஒரு கம்பி சுருதி இறங்கினா எனக்குக் கேக்கும். என் காது அப்படி." ஊர் யாரை நம்பும்? பாடகர் காதைத்தான் நம்பினோம். அழுத்தக்காரி, வலியை மறைச்சுக்கிட்டுப் பெருமைக்கு உட்கார்ந்திருந்தா, பிள்ளையை விழுங்கிட்டா என்று பேசினோம். முதுகுக்குப் பின்னால் பேசினவர்கள் பரவாயில்லை. நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, "வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அக்கா?" என்று நேராகவே கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு முப்பத்தோரு வருஷம் உயிரோடு இருந்தாள், அந்தப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை.

இப்போது ஐந்தாம் தட்டில் கேட்டது. முதல் தடவை பாடும்போது, பல்லவிக்குப் பிறகு கிட்டார் தனியாக ஓடுகிற இடத்தில், ஒரு பெண் "ஏங்க" என்கிறாள். கொஞ்சம் கழித்து மறுபடி, "ஏங்க, இங்க பாருங்க." அறையில் இருந்த கிழவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஒவ்வொருத்தரும் செத்துப்போன தன் மனைவி என்று நினைத்தார்கள், ஏனென்றால் எங்கள் ஊரில் எல்லாப் பெண்களும் புருஷனை ஏங்க என்றுதான் கூப்பிடுவோம், பெயர் சொல்ல மாட்டோம், அந்தக் காலத்தில் பெயர் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று அடித்தே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கும் அதேதான் நடந்திருக்கும். கேட்ட ஆம்பிளைகள் வேறு எவன் பெண்டாட்டியோ எவனையோ கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்க்காமல் இருந்திருப்பார்கள்.

இரண்டாவது தடவையில், "ஏங்க, முடியலைங்க." மூன்றாவது தடவையில் வார்த்தை இல்லை, ஏங்க, ஏங்க என்று மூச்சோடு மட்டும் மூன்று தரம். அதன்மேல் ஒரு இளம்பெண் குரல், கணீரென்று, சந்தோஷமாக, ஒன்ஸ் மோர் என்று கத்துகிறது. அந்தக் குரல் யாருடையது என்று பிரித்துச் சொல்ல எனக்கு ஹெட்போன் தேவைப்படவில்லை. நான்தான். இருபத்திரண்டு வயது நான், அவளுக்கு இரண்டு வரிசை பின்னால் தரையில் உட்கார்ந்து, வயிற்றிலிருந்து கத்தினேன்.

நாலாவது தடவையில், மூன்றாம் சரணத்தில், வண்டி என்ற சொல்லை அவர் மூச்சு விடாமல் இழுத்துக்கொண்டே போகிற இடத்தில், செசிலி பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "மேக்ஸ்வெல்." கல்யாணமாகி ஏழு வருஷத்தில் முதல் தடவையாகவும் கடைசித் தடவையாகவும் கூப்பிட்டாள். அவளுக்குத் தெரிந்த பெரிய அவமரியாதை அதுதான். பிள்ளைக்காக அதையும் செய்திருக்கிறாள்.

தங்கப்பழம் முள்ளை எடுத்தார். அன்றைக்கு அதிசயமாக மேக்ஸ்வெல் வரவில்லை, கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அறையில் பதினாலு பேர் இருந்தோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"நோட்டுல எழுதாதீங்க டெய்சிம்மா" என்றார் தங்கப்பழம்.

"எழுதித்தான் ஆகணும். அவ சொன்னது நெசம்னு இப்பவாவது தெரியட்டும்."

"தெரிஞ்சு? எண்பத்து மூணு வயசு மனுஷன். கேட்டாருன்னா அங்கேயே விழுந்துருவாரு. செத்தவங்களுக்கு இனிமே என்ன ஆகப்போகுது?"

நான் எழுதவில்லை. அவர்மேல் இரக்கம் என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். இரக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்த வரியை எழுதினால் அடுத்த வரியில் என் பெயரை எழுத வேண்டும். ஒன்ஸ் மோர் கத்தின நாலாயிரம் பேரில் உயிரோடு இருந்த அறுபது எழுபது பேருக்கும் அதே பயம்தான், ஆகவே ஊர் ஒரு மனதாக வாயை மூடிக்கொண்டது. பதினாலு பேருக்குத் தெரிந்தது ஒரு வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. திருட்டுத்தனமாக வந்து ஆளுக்கொரு தடவை கேட்டுவிட்டும் போனார்கள். அவருக்கு மட்டும், ஐந்தாம் தட்டு ஜன்னல் வெயிலில் வளைந்துபோயிற்று என்று சொல்லிவிட்டோம்.

அதைக் கேட்டு அவர் துடித்துப்போனார். மற்ற ஒன்பதும் போனால் போகட்டும், அதுதான் என் பாட்டு, அன்னைக்கு மாதிரி நான் எப்பவும் பாடினதில்லை என்று இன்ஸ்டிடியூட் படியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சட்டென்று எழுந்து வீட்டுக்குப் போனார். அவருக்கு வந்த இன்னொரு பெட்டி அவர் வீட்டு மேஜையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது எங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. இத்தனை பேர் சேர்ந்து ஒரு பொய் சொல்கிறோம், அதைக்கூட ஒழுங்காகச் சொல்லத் துப்பில்லை.

மறுநாள் ஐந்தாம் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். "ஞாயித்துக்கிழமை நாலு மணி" என்றார் தங்கப்பழத்திடம். "ஊரைக் கூப்பிடு. மொத்தப் பக்கமும் ஓடணும். எவனும் வாயைத் திறக்கக் கூடாது. அன்னைக்குக் கேட்டியே, ஊர் என்ன செய்யணும்னு. இதைச் செய்யுங்க. அப்புறம் உங்க வாசப்பக்கம் வரமாட்டேன்."

அந்த மூன்று நாளும் ஊதுபாறை ஊதுபாறையாக இல்லை. சொல்லிவிடலாம் என்று ஒரு கட்சி, பிளேயரை உடைத்துவிடலாம் என்று ஒரு கட்சி. சுப்புராயலு பிளேயரைத் தொட்டால் கையை முறிப்பேன் என்று இன்ஸ்டிடியூட் வாசலில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டார், அவருக்கு அவர் அம்மா வேண்டும். டாக்டரைக் கூப்பிட்டு ஆம்புலன்ஸ் நிறுத்தச் சொன்னார்கள். நான் வெள்ளிக்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் போனேன், சொல்லிவிடுவது என்று தீர்மானமாகத்தான் போனேன். அவர் சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார். "டெய்சி, நீ முன்னாடி உக்காரு. உனக்குத்தான் காது இருக்கு" என்றார். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு முன்பே ஹால் நிறைந்து, வராந்தா நிறைந்து, ஜன்னல்களில் தலைகள் அடைத்துக்கொண்டன. பென்ஷன் வாங்குகிற நாளில்கூட இவ்வளவு வயதானவர்களை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. மேக்ஸ்வெல் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார், உறையை அவரே பிரித்தார், தட்டை விளிம்பில் பிடித்து வைத்து, முள்ளை அவர் கையாலேயே இறக்கினார். எங்களுக்கு எதிரே, எங்களைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

யாரும் இருமவில்லை. யாரும் உஸ் என்று சொல்லவில்லை. அவர் கேட்டதை அவருக்குக் கொடுத்தோம், சத்தியமாகக் கொடுத்தோம். வண்டி புறப்பட்டது, டிரம் தண்டவாளம் தடதடப்பது போல ஓடியது, அந்த முப்பது வயதுக் குரல் ஏறியது, உண்மையைச் சொல்ல வேண்டும், என்ன குரல் அது, நாங்கள் மூன்று தடவை கேட்டதில் ஆச்சரியமே இல்லை. கிட்டார் தனியாக ஓடிய இடத்தில் "ஏங்க" என்றாள். நாங்கள் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் கண்ணை மூடி, காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இங்க பாருங்க." விரல் முழங்காலில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தது. "ஏங்க, முடியலைங்க." தலையை ஆட்டி ரசித்தார். மூன்றாவது தடவையில் அவள் மூச்சு, என் ஒன்ஸ் மோர். முன்வரிசையில் ஒரு கிழவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், டாக்டர் வாசலிலிருந்து இரண்டடி உள்ளே வந்தார், மேக்ஸ்வெல் புன்னகை செய்துகொண்டிருந்தார். நாலாவது தடவை மூன்றாம் சரணம் வந்தது. வண்டி என்று அவர் இழுக்கத் தொடங்கினார், ஹால் முழுக்க, வராந்தா முழுக்க, ஜன்னல் கம்பி அதிரும்படி செசிலி "மேக்ஸ்வெல்" என்று கூப்பிட்டாள். அவர் அந்த இழுப்போடு கூடவே மோவாயைத் தூக்கிக்கொண்டு போய், அது முடிகிற இடத்தில் கையால் காற்றை வெட்டினார்.

நடிக்கிறார் என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷம் ஒரு முனையில் ஆள் கத்திக்கொண்டிருக்க, மறுமுனையில் கேட்காமல் இருந்தவர்களோடுதான் பிழைப்பு நடத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. புளி கேட்டதும் பீடி கேட்டதும்கூட அவருக்கு ஒருநாளும் கேட்டதில்லை, ஹாலந்துக்காரனுக்குக் கேட்டது போலப் பாட்டு மட்டும்தான் கேட்டிருக்கிறது. அந்தக் காதை நம்பித்தான் ஒருத்தியை முப்பத்தோரு வருஷம் சுவரைப் பார்க்க வைத்தோம். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை, அதைவிட அதிகமாக என்மேல் வந்தது.

பாட்டு முடிந்தது. கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார். முகம் முழுக்க வெளிச்சம், கண்ணில் தண்ணீர்.

"கடைசியில இழுத்தேனே, அந்த இடத்துல மூச்சே விடலை" என்றார். "கவனிச்சீங்களா?"

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "நல்லா இல்லையா?" என்று குரல் இறங்கக் கேட்டார். வெளிச்சம் மெல்ல அணையத் தொடங்கியது.

நான் எழுந்து நின்றேன். செசிலி கூப்பிட்டாள், அவள் பொய் சொல்லவில்லை, இரண்டே வாக்கியம், சொல்லிவிட்டால் முடிந்தது. அதற்குள் வராந்தாவிலிருந்து யாரோ, அந்தக் கிழவன் முகத்தைப் பார்க்கத் தாங்காமல், "ஒன்ஸ் மோர்" என்று குரல் கொடுத்தார்கள். ஜன்னலிலிருந்து இன்னொரு குரல். தங்கப்பழம் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். பிறகு ஹால் மொத்தமும், அழுதுகொண்டிருந்தவர்களும் சேர்ந்து கத்தினார்கள். நான் வாயைத் திறந்துதான் இருந்தேன். அதிலிருந்து வந்ததும் அதே ஒன்ஸ் மோர்தான்.

மேக்ஸ்வெல் நெஞ்சில் கை வைத்து எங்களுக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். சட்டத்தை மீறக் கூடாதல்லவா என்று சிரித்துக்கொண்டே போய், முள்ளை எடுத்து மறுபடி விளிம்பில் வைத்தார். செசிலி முதலிலிருந்து கூப்பிடத் தொடங்கினாள்.